நகத்தில் நிற்காத பால்

பாலை நகத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து வாங்கிய தலைமுறை நாம். பாக்கெட்டைக் கத்தரித்து ஊற்றுகிற இந்தக் காலத்துப் பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். உங்களுக்கு மறந்திருக்காது. கட்டைவிரலை நிமிர்த்தி, நகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு, மெல்லச் சாய்க்க வேண்டும். நல்ல பால் உடனே ஓடாது. கொஞ்சம் தயங்கி நிற்கும், பிறகு மெதுவாக இறங்கும், இறங்கின வழியெல்லாம் வெள்ளையாகக் கோடு போடும். தண்ணீர் கலந்த பால் சாய்த்ததும் ஓடிவிடும், கோடும் இருக்காது. அவ்வளவுதான் சோதனை. இதை நம்பித்தான் நம் அம்மாக்கள் பால் வாங்கினார்கள், சண்டை போட்டார்கள், வேண்டாதவர்களைத் துரத்தினார்கள்.

அப்படித் துரத்தப்பட்ட ஓர் அம்மாளைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. திருப்புல்லாணியைத் தாண்டிக் கடலை ஒட்டி இருந்தது எங்கள் ஊர். ஒரே தெரு, ஒரு மாதா கோயில், பின்னால் பனங்காடு. தெரு முழுக்கக் கடலுக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்கள். மாடு வளர்க்க எங்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அந்த மணலில் மாடு எதைத் தின்னும்? பாலுக்கு, கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சம்சாரிகளின், அதாவது விவசாயிகளின், ஊர்களைத்தான் நம்பியிருந்தோம்.

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யாவுக்கு வலது கட்டைவிரல் நகம் ஒரு மாதிரி. வாலிபத்தில் சுறா வாலடித்து நகம் பெயர்ந்து விழுந்துவிட்டதாம். புதிதாக முளைத்த நகம் அகலமாக, தட்டையாக, பளபளவென்று வந்துவிட்டது. பால் சொட்டு விட்டுப் பார்க்க அதைப்போல வாகான நகம் தெருவில் வேறு யாருக்கும் கிடையாது. முன்பு ஒரு தடவை அந்த நகத்தில் பால் ஓடி, பால்காரர் ஒருவர் தண்ணீர் ஊற்றியதைத் தானே ஒப்புக்கொண்டு போனாராம். அதிலிருந்து தெருவில் பால் தகராறு வந்தால், “அண்ணன் நகத்துல விட்டுப் பாத்துருவோம்” என்பார்கள். அய்யா அதிகம் பேசமாட்டார். விரலை நீட்டுவார், சாய்ப்பார், எல்லாருக்கும் காட்டுவார், போய்விடுவார். அந்த மரியாதையில் எங்களுக்கெல்லாம் ஏகப்பட்ட பெருமை. சண்டை வந்தால் நான்கூட, “எங்கய்யா நகம் சொல்லிருக்கு, தெரியுமா?” என்று மற்றப் பிள்ளைகளிடம் பீற்றிக்கொள்வேன்.

அந்த வருஷம் கச்சான் காற்று சீக்கிரமே வந்துவிட்டது. மேற்கேயிருந்து அடிக்கிற அந்தக் காற்றில் எங்கள் பக்கத்துக் கடல் கொதிக்கும். தொழில் கிடையாது. வள்ளங்களையெல்லாம் மேட்டுக்கு இழுத்துப் போட்டுவிடுவார்கள். அடிப்பலகையில் ஒட்டியிருக்கும் சிப்பியைச் சுரண்டி, காயவைத்து, சுறா எண்ணெய் பூசுகிற வேலைதான் அந்தக் காலத்தில் ஆண்களுக்கு. சுறா ஈரலைப் பானையில் போட்டு உருக்கி எடுக்கிற எண்ணெய் அது. கந்தைத் துணியில் தோய்த்துப் பலகைக்குப் பூசுவார்கள். பலகைகள் சேரும் இடுக்குகளுக்குத் துணி போகாது. அங்கே அய்யா கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றுவார்.

அந்த வாடை உங்களில் கடற்கரைக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். தலைமுடி, பாய், சோறு, கோயிலுக்கு உடுத்துகிற சேலை என்று எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். எங்களுக்கு அது வாடையாகவே தெரியாது. கடல் தண்ணீரில் மணலைப் போட்டுத் தேய்த்தால் கை சுத்தமாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நல்ல தண்ணீர் என்பது ஊற்றுத் தோண்டி, அது ஊறுகிற வரை காத்திருந்து, சிரட்டையால் மொண்டு நிரப்ப வேண்டிய சாமான். அதைக் கை கழுவச் செலவழித்தால் அம்மா அடி பின்னிவிடுவாள்.

எனக்கு ஒரு தம்பி பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு வள்ளங்களுக்கு நடுவே அலைவதுதான் என் வேலை. எண்ணெய் பூசிய பலகையில் அலைச் சாரல் வந்து விழும். ஒவ்வொரு சொட்டும் உருண்டையாக, கண்ணாடிக் குண்டு மாதிரி, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். காற்று கொஞ்சம் தள்ளினால் போதும், ஈரத் தடமே இல்லாமல் உருண்டு ஓடிவிடும். தம்பி அதைப் பிடிக்கக் கையை நீட்டுவான், பிடிபடாது, மறுபடியும் நீட்டுவான். பக்கத்தில் எண்ணெய் பூசாத வள்ளத்தில் அதே சாரல் பரவி, ஊறி, பலகை கறுத்துப்போகும். ஒரே தண்ணீர் ஏன் இங்கே ஓடுகிறது, ஏன் அங்கே ஒட்டுகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அந்த வயதில் விளையாட்டுக்கு விஷயம் கிடைத்தால் போதும்.

தம்பி பிறந்த பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து விட்டு விட்டு அடித்தது. அதில் பால் வற்றிவிட்டது. அப்போதுதான் பால்காரம்மா எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். உள்ளே ஒரு சம்சாரி ஊர்க்காரர். புருஷன் இல்லை. ஒரே ஒரு பசுமாடு. காலையிலும் மத்தியானத்துக்கு மேலும் பித்தளைச் செம்பைத் தலையில் வைத்து, வாயை ஓலையால் மூடிக்கொண்டு நடந்தே வருவார். கைகளில் பச்சை குத்தியிருக்கும். குரல் ஊருக்கே கேட்கும். வாசலில் கால் வைத்ததும் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “எப்படித்தான் இந்த நாத்தத்துக்குள்ள குடித்தனம் பண்றீகளோ” என்பார். எங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அம்மாவும் சிரிப்பாள். பிறகு அவரே தம்பியைத் தூக்கி, பாலாடையில் பாலை ஊற்றி, ஒரு சொட்டுச் சிந்தாமல் புகட்டிவிட்டுத்தான் போவார். வாய்க்கடையில் வழிந்ததைக்கூட விரலால் வழித்து அவன் நாக்கில் வைப்பார். அந்தப் பாலாடையும் எங்கோ போய்விட்டது. பித்தளை, மூக்கு நீண்டது, பிடியில் ஒரு நசுங்கல்.

ஆனி பிறந்ததும் தம்பி இளைக்க ஆரம்பித்தான். தொடை சுருங்கிப்போயிற்று. அழுகிற குரல் மெலிந்துவிட்டது. என்ன காரணம் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஊற்றுத் தண்ணீராக இருக்கலாம், சூடாக இருக்கலாம், அம்மாவின் காய்ச்சலே அவனுக்கும் வந்திருக்கலாம். ஆனால் அடுத்த வீட்டு அத்தை, அய்யாவின் அக்கா, ஒரே வார்த்தையில் தீர்த்துவிட்டாள். பாலில் தண்ணீர். புல் பூண்டு இல்லாத இந்தக் காலத்தில் ஒரு மாடு எங்கேயிருந்து இவ்வளவு கறக்கிறது என்று கேட்டாள். அம்மா முதலில் நம்பவில்லை. பிள்ளையின் விலா எலும்பைத் தடவித் தடவி, சில நாளில் அவளும் நம்பிவிட்டாள். பெற்றவளுக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். அய்யா கரையில் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். அத்தை என்னை அனுப்பிக் கூட்டிவரச் சொன்னாள். அய்யா வேலையைப் பாதியில் விட்டு எழுந்தார். அலையில் குனிந்து, மணலை அள்ளிக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். வேட்டியில் துடைத்துக்கொண்டு என் பின்னால் வந்தார். எங்கள் வாசலில் அதற்குள் தெருப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். பால்காரம்மா செம்பை இறக்கி வைத்துவிட்டு, என்ன ஏது என்று புரியாமல் நின்றார்.

அத்தை செம்பிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அய்யாவின் நகத்தில் விட்டாள். அய்யா விரலைச் சாய்த்தார். சொட்டு நிற்கவில்லை. உருண்டு விழுந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் விழுந்தது. நகத்தில் கோடு இல்லை, பால் பட்ட அடையாளமே இல்லை. அய்யா தானே மூன்றாவது சொட்டு விட்டுப் பார்த்தார். அவர் எப்போதும் ஒரு தடவைதான் பார்ப்பார். பிறகு வழக்கம்போல எல்லாரும் பார்க்கும்படி கையைத் திருப்பிக் காட்டினார்.

பால்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே, என் மாட்டு மேல சத்தியம். ஒரு பொட்டுத் தண்ணி நான் ஊத்தல. வேற யாரு நகத்துலயாச்சும் விட்டுப் பாருங்க” என்றார்.

வேறு நகம் எதற்கு என்று அத்தை கேட்டாள். அண்ணன் தம்பி தகராறுக்கே நடுவில் நிற்கிற மனுஷன், அவன் நகம் பொய் சொல்லுமா என்றாள். ஒருத்தியும் தன் கையை நீட்டவில்லை. பால்காரம்மா தன் விரலிலேயே ஒரு சொட்டு விட்டு எல்லார் முகத்துக்கு நேராகவும் பிடித்தார். நான் பக்கத்தில் நின்றேன், பார்த்தேன். அது நின்றது. தயங்கி, கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. ஆனால் அத்தை விடுவாளா?

“சாணி அள்ளுற கையி. அழுக்குல ஒட்டிக்கிட்டு நிக்குது” என்றாள்.

எல்லாரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். எண்ணெய்க் கைக்காரர்கள் நாங்கள் சாணிக் கையைப் பார்த்து அழுக்கு என்றோம். இனி இந்தத் தெருப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று அத்தைதான் சொன்னாள். அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பால்காரம்மா கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாசற்படியில் இருந்த எங்கள் லோட்டாவில் வழக்கமான அளவுப் பாலை ஊற்றினார்.

“பிள்ளைக்கு அந்திக்கு வேணும்ல. இதுக்கு மட்டும் கோவிச்சுக்கிறாத தங்கச்சி” என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பாலை அம்மா தொடவில்லை.

பேச்சு அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. பஸ் ரோட்டில் இருந்த டீக்கடைக்காரர் அவரிடம் வாங்குவதை நிறுத்தினார். அவர் ஊரிலேயே வாங்கிக்கொண்டிருந்த ஒன்றிரண்டு வீடும் நிறுத்திவிட்டதாக கருவாடு விற்கப் போன பெண்கள் சில நாள் கழித்து வந்து சொன்னார்கள். சொல்லும்போது அவர்கள் குரலில் ஒரு திருப்தி இருந்தது.

சோதனைக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அத்தையே ஒரு புதுப் பால்காரரை ஏற்பாடு செய்திருந்தாள். சைக்கிளில் தகரக் கேனைக் கட்டிக்கொண்டு வருகிற ஆள். பூசை முடிந்து எல்லாரும் கோயிலிலிருந்து வந்ததும் வாசலிலேயே சோதனை நடந்தது. அய்யா பூசைக்காகக் குளித்து, வெளுத்த வேட்டியில் இருந்தார். அவர் நகத்தில் விட்ட சொட்டு அசையாமல் நின்றது. சாய்த்தால்கூட இறங்க மனசில்லாமல் இறங்கியது. பால் என்றால் இதுவல்லவா பால் என்று அத்தைக்கு வாயெல்லாம் பல். அய்யா மட்டும் நகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கரைக்குப் போய்விட்டார்.

அந்தப் பாலைக் காய்ச்சினால் பாத்திரத்தின் அடியில் வழவழவென்று ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு அது கொண்டாட்டம். அதை வழித்து எடுத்து, திருவிழாவில் வாங்கிய அந்தோனியார் படத்தைச் சுவரில் ஒட்டினேன். காய்ந்த பிறகு படம் கிழிந்தாலும் கிழியும், பெயர்ந்து வராது. நல்ல கெட்டிப் பால் என்று அம்மா சந்தோஷப்பட்டாள். அது கிழங்கு மாவுக் கஞ்சி என்று இப்போது உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. அன்றைக்கு அதைத்தான் தம்பிக்குப் பாலாடையில் ஊற்றினோம். அவன் குடிக்க மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்வான். அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். கெட்டிப் பால் பழக நாளாகும் என்றாள் அத்தை.

வயிறு உப்பியது. பிறகு வயிற்றோட்டம் ஆரம்பித்து நிற்கவே இல்லை. ஆடி மாதத்து ஒரு காலை, ராமநாதபுரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று அய்யா அவனைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அம்மாவும் நானும் பின்னால் போனோம். பஸ் ரோட்டில் வேப்ப மரத்தடியில் காத்திருந்தோம். பஸ் தூரத்தில் தூசியைக் கிளப்பிக்கொண்டு வருவது தெரிந்தது. அப்போது அம்மா அவன் முகத்தைத் திறந்து பார்த்தாள். பஸ் வந்து நின்றது, கண்டக்டர் எங்களைப் பார்த்தார், நாங்கள் ஏறவில்லை.

அதற்குப் பிறகு அய்யா யாருக்கும் நகத்தைக் கொடுக்கவில்லை. பாலைக் கொண்டுவந்தால் கையை மடியில் செருகிக்கொண்டு எழுந்து போய்விடுவார். மகன் போன துக்கம் என்று தெருவில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சைக்கிள்காரரும் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திவிட்டார். பால்காரம்மாவைப் பற்றி யாரும் பேசவில்லை. என் அம்மா சாகிற வரைக்கும் பேசவில்லை.

பிறகு நான் மதுரைக்கு வாத்தியார் பயிற்சிக்குப் போனேன். எங்கள் தெருவில் அப்படிப் போன முதல் பெண் நான்தான், அந்தக் கதை கிடக்கட்டும். அங்கே ஒரு நாள் அறிவியல் பாடம். இரண்டு கண்ணாடித் துண்டுகளைக் கொடுத்தார்கள். ஒன்றைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இன்னொன்றில் விரலால் லேசாக எண்ணெய் தடவ வேண்டும். இரண்டிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சாய்த்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீருக்கு இரண்டு பிடிமானம் என்று விளக்கினார்கள். தண்ணீர் தண்ணீரையே பிடித்துக்கொள்ளப் பார்க்கும். தொட்ட இடத்தையும் பிடித்துக்கொள்ளப் பார்க்கும். கண்ணாடியோ நகமோ சுத்தமாக இருந்தால் அந்த இடத்தின் பிடி வலுவாக இருக்கும். சொட்டு அதன் மேல் பரவி ஒட்டிக்கொள்ளும், விளிம்பு அங்கங்கே மாட்டிக்கொண்டு நிற்கும், இறங்கினாலும் கொஞ்சத்தை விட்டுவிட்டுத்தான் இறங்கும். நடுவில் எண்ணெய் இருந்தால் தண்ணீருக்கு அங்கே பிடி கிடைக்காது. அது தன்னையே சுற்றிக்கொண்டு உருண்டையாகும். சாய்த்தால் ஓடிவிடும், தடம்கூட இருக்காது. பாலிலும் பெரும்பங்கு தண்ணீர்தானே. சொட்டு நிற்பதும் ஓடுவதும் சொட்டை மட்டும் பொறுத்ததில்லை, அது உட்கார்ந்திருக்கிற இடத்தையும் பொறுத்தது.

எண்ணெய்க் கண்ணாடியைச் சாய்த்தேன். சொட்டு ஓடியது. மறுபடி விட்டேன், மறுபடி ஓடியது. பெஞ்சில் தலையைக் கவிழ்த்து அழுதேன். மயக்கம் என்று நினைத்து முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அன்றைக்கு அந்த வாசலில் நாங்கள் பாலையா சோதித்தோம்? அய்யாவின் கையையல்லவா சோதித்தோம்.

அந்த விடுமுறையில் இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் டிரங்குப் பெட்டியில் வைத்து ஊருக்கு எடுத்துப் போனேன். எனக்குள் ஒரு நல்ல எண்ணம்தான் இருந்தது. அய்யா இத்தனை வருஷமாக அந்த அம்மாளைத் திருடி என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த அம்மாள் திருடி இல்லை. அய்யா மீதும் தப்பில்லை, எண்ணெய்தான் காரணம். இதைச் சொன்னால் அவருக்கும் ஆறுதல், எனக்கும் ஆறுதல் என்று நினைத்தேன்.

அய்யா பனை நிழலில் கிழிந்த வலையை ஊசியால் பொத்திக்கொண்டிருந்தார். முன்னால் உட்கார்ந்து, சுறா எண்ணெயையே கொஞ்சம் கேட்டு வாங்கி, ஒரு கண்ணாடியில் தடவி, இரண்டிலும் பால் சொட்டு விட்டுக் காட்டினேன். பாடம் நடத்துகிற மாதிரி எல்லாவற்றையும் விளக்கினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“எண்ணெய்னு எனக்குத் தெரியாது ஆத்தா. ஆனா நல்ல பாலுன்னு தெரியும்” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. எப்போது தெரியும் என்று கேட்டேன்.

“அன்னைக்கே தெரியும். அந்தியில பாவசங்கீர்த்தனத்துக்குப் போகணும்னு நல்ல தண்ணியில சோப்புப் போட்டுக் குளிச்சேன். அவ ஊத்தி வச்சுட்டுப் போன பாலு வாசப்படியில அப்படியே கெடந்துச்சு. மனசு கேக்காம ஒரு சொட்டு விட்டுப் பாத்தேன். நின்னுச்சு. கோடு போட்டுக்கிட்டு எறங்குச்சு.”

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். தெருவே பார்த்துவிட்டது, ஒரு பொழுதுக்குள் அதே நகத்தை மாற்றிக் காட்டினால் அதற்கு முன்னால் சொன்னதெல்லாம் என்னாவது என்று நினைத்தாராம். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தாராம். மறுநாள் சைக்கிள்காரரின் பால் நகத்தில் நின்றதைப் பார்த்ததும், சரி, பிள்ளைக்குப் பால் கிடைத்துவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டாராம். செய்த பாவத்தையெல்லாம் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லையாம்.

“தம்பி போன பெறகு ஒரு நா அவ ஊருக்கு நடந்து போனேன். சொல்லிரணும்னுதான் போனேன். தொழுவு காலியாக் கெடந்துச்சு. மாட்ட வித்துட்டாளாம். என்னையப் பாத்து ஒரு வார்த்தை வையல. உக்காரச் சொல்லித் தண்ணி கொண்டாந்து குடுத்தா. ‘பிள்ளை தேறிருச்சா அண்ணே’ன்னு கேட்டா. அவளுக்குத் தெரியல. எனக்கு வாய் வரல. தேறிட்டான்னு சொல்லிட்டேன். மொகம் மலந்து போச்சு அவளுக்கு. ‘அப்ப எம் பாலுதான் சேரல போல. நல்ல வேளை நிப்பாட்டுனீக’ன்னா. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லல. எந்திரிச்சு வந்துட்டேன்.”

அன்று மத்தியானம் அய்யாவுக்கு நான் சோறு போடவில்லை. அவரும் கேட்கவில்லை.